எந்த வருஷத்துத் துப்பாக்கி?

மூன்று மாதமாக அமெரிக்காவில் மில்வாக்கியில் மகள் வீட்டில் இருக்கிறேன். ரிட்டயர் ஆன வாத்தியார் எந்த ஊருக்குப் போனாலும் திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்று தேடி வந்துவிடுகிறது. இந்த முறை அது துப்பாக்கி வடிவத்தில் வந்தது. பயப்படாதீர்கள், காற்றுத் துப்பாக்கிதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. பேரனுக்குக் கொடுப்பதற்காகத் தன் பழைய ஏர் ரைஃபிளை எடுத்து வைத்திருந்தார். அதோடு சேர்த்து வைக்க ஒரு அட்டையும் எழுதியிருந்தார்: "என் பத்தாவது பிறந்த நாளுக்கு அப்பா வாங்கித் தந்தது, 1957." நான் இயற்பியல் வாத்தியார் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டதால், இது எப்படி வேலை செய்கிறது என்று பேரனுக்கு விளக்கச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன்.

நம் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அந்த வகை இல்லை இது. அதில் குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். சுடும்போது ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும். இதில் ஸ்பிரிங்குக்கு அந்த வேலை இல்லை. குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பிடியை சைக்கிள் பம்ப் மாதிரி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒரு சின்ன அறையில் காற்று சேரும். மூன்று அடித்தால் மெதுவாகப் போகும், எட்டு அடித்தால் வேகமாகப் போகும். எட்டுக்கு மேல் அடிக்கக் கூடாது. பாயில் விதியை ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்து நடத்தியிருந்தால் ஒருத்தனும் தூங்கியிருக்க மாட்டான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வால்வு கெடாமல் இருக்க இந்த வகையில் ஒன்றிரண்டு பம்ப் காற்றை உள்ளே விட்டு வைப்பது வழக்கம். ஆகவே இருபது வருஷம் பரணில் கிடந்தது என்றாலும் வெறும் துப்பாக்கி என்று நினைத்துக் கையில் எடுக்கக் கூடாது. நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

பெயர் ஷெரிடன் ப்ளூ ஸ்ட்ரீக். இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ரசீன் என்ற ஊரில் செய்தது. வாக்கர்ஹேகன் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து 1940களில் தொடங்கிய கம்பெனி. அவர்கள் முதலில் செய்த 'மாடல் ஏ' அந்தக் காலத்திலேயே 56 டாலர் 50 சென்ட். நல்ல துப்பாக்கி, யார் வாங்குவார்கள்? சுமார் இரண்டாயிரம்தான் செய்தார்கள். பிறகு விலையைக் குறைத்துச் செய்த 'மாடல் சி'தான் ஓடியது. நிக்கல் பூச்சு என்றால் சில்வர் ஸ்ட்ரீக், கறுப்புப் பூச்சு என்றால் ப்ளூ ஸ்ட்ரீக். குண்டின் அளவும் தனி: மற்றவர்கள் 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என்று செய்தபோது இவர்கள் 5 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பேரனுக்குக் காட்டத் திருப்பிப் பார்க்கும்போதுதான் என் கண்ணில் பட்டது. உலோகத்தில் ஒரு வரிசை எண் பொறித்திருந்தது.

அன்று இரவும் அடுத்த இரவும் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படித்தேன். ஷெரிடன் தன் துப்பாக்கிகளுக்கு வரிசை எண் போடத் தொடங்கியது 1972இல். அதற்கு முன் செய்தவற்றில் எண்ணே கிடையாது. பாதுகாப்புப் பொத்தானும் அதையே சொன்னது. ஆரம்ப கால ப்ளூ ஸ்ட்ரீக்கில் கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் ட்ரிகரை இழுக்க முடியும். 1960களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு, இந்தப் பக்கம் அழுத்தினால் பூட்டு, அந்தப் பக்கம் அழுத்தினால் திறப்பு என்று மாற்றினார்கள். பெரியவரிடம் இருந்தது இரண்டாவது வகை.

"அப்பா, எழுபத்தெட்டு வயசு மனுஷர். 1957ன்னே இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன?" என்றாள் மகள். மாப்பிள்ளையும் அதையே மரியாதையாகச் சொன்னார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்ப்பேச்சாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் எழுதி வைக்கிறார். பேரன் ஒருநாள் அதைப் படித்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோவான்; அவர் எண்ணைப் பார்த்த அடுத்த நிமிஷம் தாத்தா கதை கட்டியவர் ஆகிவிடுவார். அப்போது பதில் சொல்ல தாத்தா இருக்க மாட்டார். இன்று இருக்கிறார், கேட்கலாம்.

அதனால் தீர்ப்போடு போகாமல் கேள்வியோடு போனேன். பத்து வயதில் சுட்டது எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டை விரல் வலிக்கும் என்றார். அழுத்திப் பிடித்துக்கொண்டே சுட வேண்டும், கை சின்னதாக இருந்ததால் எட்டாது, அப்பா சிரிப்பார் என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் நினைவில் பிசகே இல்லை. 1957இல் அவர் கையில் இருந்தது பழைய பொத்தான் வைத்த துப்பாக்கி. இப்போது மடியில் வைத்திருப்பது வேறொன்று. துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்து, அந்தப் பொத்தான் எங்கே என்று மட்டும் கேட்டேன். விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை.

பழைய பொருளுக்கு வயது சொல்லும் முறை பற்றி என் அபிப்பிராயம் இதுதான். விற்பவர்கள் வால்நட் கட்டையைப் பார்த்ததும் "1950" என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். கட்டையும் குறிபார்க்கும் காட்சியும் மாற்றக் கூடியவை. பொத்தானைக்கூட ரிப்பேரில் மாற்றியிருக்கலாம் என்று வாதாடலாம். கம்பெனி பொறித்த எண்ணை அப்படிச் சொல்ல முடியாது. கூட வந்த பழைய காகிதத்தில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் அது 1963க்கு முன் அச்சானதில்லை. அமெரிக்கக் காப்புரிமை எண் முப்பது லட்சத்தைத் தாண்டினால் 1961க்கு முந்தியதில்லை. இவையெல்லாம் "இதற்கு முன் இல்லை" என்றுதான் சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்பதுதான் கஷ்டம். பெஞ்சமின் கம்பெனி 1977இல் ஷெரிடனை வாங்கியது. ஆனாலும் ஷெரிடன் பெயரிலேயே ரசீனில் வேலை தொடர்ந்தது. பெஞ்சமின் பெயர் இல்லையே, எனவே 1977க்கு முந்தியது என்று சொன்னால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

இங்கே அந்த எல்லையைக் கொடுத்தது ஒரு பேனாக்கத்தி. கட்டையின் அடியில் பெரியவருடைய அப்பாவின் முதலெழுத்துகள் கீறியிருந்தன. அப்பாவின் கைதான், சந்தேகமே இல்லை என்றார். அப்பா இறந்தது 1981இல். ஆக, 1972க்கும் 1981க்கும் இடையில் அப்பா இன்னொன்று வாங்கியிருக்கிறார். மகன் அப்போது வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியிருந்தவர். வீட்டில் சிறுவர் யாரும் இல்லை. யாருக்காக வாங்கினார்?

அது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. மினசோட்டாவில் இருக்கும் தங்கைக்கு அன்று மாலையே போன் போட்டாராம். பழைய துப்பாக்கி உடைந்ததும் அப்பா அதே மாதிரி ஒன்று தேடி அலைந்தது அவருக்கு லேசாக ஞாபகம் இருக்கிறதாம். அதற்கு மேல் இல்லை.

நேற்று புது அட்டை காட்டினார். அதில் இரண்டு துப்பாக்கிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பித்தளை தெரியும்படி தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்று பேரன் கேட்டான். வேண்டாம், பூச்சு தேய்ந்த இடம்தான் அவர்கள் கை பிடித்த இடம் என்றேன்.

என் பேரன் சென்னையிலிருந்து "தாத்தா, எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்கிறான். ஆயுத விதிகள் 2016இன்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல் என்றால் நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டும். சாக்லேட்தான் வரும், ராஜா.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து ரேடியோ, தையல் மெஷின், கைக்கடிகாரம் இருக்கும். படம் அனுப்புகிறவர்கள் எண் பொறித்த பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம், அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.