விலையில்லா நிரலும் வில்லங்கமும்

திறந்த மூல மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதாலேயே அதைக் கேட்பாரற்ற பொருளாக நிறுவனங்கள் பல கருதிவிடுகின்றன. ஆனால் அதற்கும் பதிப்புரிமை உண்டு என்பதும், பயன்படுத்துவோருக்குக் கிடைப்பது உரிமம் எனப்படும் நிபந்தனைக்குட்பட்ட அனுமதி மட்டுமே என்பதும் சட்டத்தின் நிலை. எம்ஐடி போன்ற எளிய உரிமங்கள், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும் என்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரல் வெளியாகும் ஜிபிஎல் உரிமமோ, அந்நிரல் அடங்கிய பொருளை விற்பவர் அதன் மூலநிரலையும், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தையும், வாங்குவோருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என விதிக்கிறது.

2003இல் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்பில் லிங்க்சிஸை வாங்கிய அதே ஆண்டில், லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குவதும், மூலநிரல் தரப்படாததும் அம்பலமாயின. அந்த நிரல் சிப் வழங்கிய பிராட்காம் வழியாக வந்தது. எனினும் பழி, பொருளில் பெயர் பொறித்து விற்றவரையே சேர்ந்தது. மூலநிரல் வெளியிடப்பட, அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்னும் மாற்று மென்பொருள் பிறந்தது. ஆயினும் லிங்க்சிஸின் பிற பொருள்கள் தொடர்பான புகார்கள் ஓயாததால், ஜிபிஎல் உரிமத்தை வகுத்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் ஏற்பட்ட சமரசத்தின்படி, உரிம விதிகளைக் கண்காணிக்க லிங்க்சிஸில் தனி இயக்குநரை நியமிக்கவும் அறக்கட்டளைக்கு நன்கொடை தரவும் சிஸ்கோ இசைந்தது.

இத்தகைய மீறல் வெறும் ஒப்பந்தப் பிணக்கே என்ற வாதமும் எடுபடவில்லை. மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் பற்றிய ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என 2008இல் அமெரிக்க ஃபெடரல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பிரான்சின் ஆரஞ்ச் நிறுவனம் ஜிபிஎல் உரிமத்தை மீறியதற்காக, 2024 பிப்ரவரியில் பாரீஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மொத்தம் 8 லட்சம் யூரோ இழப்பீடு விதித்தது.

சொந்த நிரல் முழுவதையும் வெளியிடும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்திவிடும் என்ற அச்சம், நிறுவன வட்டாரங்களில் அளவுக்கு மீறியே நிலவுகிறது. உண்மையான ஆபத்து விற்பனைத் தடையில் இருக்கிறது. ஏனெனில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி, விதியை மீறிய கணமே அனுமதி தானாக முடிந்துவிடும். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, முதன்முறை தவறியவருக்கு அறிவிப்பு கிடைத்தபின் 30 நாள் அவகாசம் தருகிறது. லினக்ஸின் மையநிரல் இன்னும் இரண்டாம் பதிப்பிலேயே உள்ளது.

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பவர்கள், வெளியாரிடம் எழுதி வாங்கும் மென்பொருளில் எந்தெந்த நிரல்கள் எந்தெந்த உரிமத்தில் கலந்துள்ளன என்ற பட்டியலையும் கேட்க வேண்டும். அப்பட்டியலும் உரிய மூலநிரலும் கைக்கு வராமல் இறுதித் தவணையைக் கொடுக்கலாகாது.