வயிற்றுப்போக்கு நின்றால் போதுமா?



கோவை, திருப்பூர் லைன் வீடுகளில் கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் பசி குறைகிறது. உண்பதும் உடம்பில் ஒட்டுவதில்லை. இழந்த எடை திரும்பும் முன்பே அடுத்த நோய் வந்தால் உயர வளர்ச்சியும் தடைபடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

2017 முதல் அரசு இலவசமாகத் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து எல்லா வயிற்றுப்போக்கையும் தடுக்காது. எனவே வயிற்றுப்போக்கு வந்தால், ஓஆர்எஸ் கரைசலோடு 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் குணமான பின்னும் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை உணவு கூடுதலாகத் தர வேண்டும். இதை அங்கன்வாடிகள் வீடுதோறும் சொல்ல வேண்டும். உள்ளாட்சிகள் சுத்தமான குடிநீரை உறுதிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, சூலூர்