துப்புரவாளர் என்றால் சாதுவா?

"டீச்சர், பிரிட்டல் ஸ்டார் மீனைத் தின்னாதாம். தொட்டியில் மிஞ்சும் குப்பையைத்தான் தின்னுமாம். வாங்கி விடலாமா?" கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மாணவர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்குக் கடல் பிராணி எப்படி வந்தது என்று யோசிக்காதீர்கள். கைப்பேசிக் காணொளிக்கு மேடு பள்ளம் ஏது?

கப்பியும் தங்கமீனும் வளரும் நன்னீர்த் தொட்டி என்றால் பதில் சுருக்கம்: விடாதீர்கள், அது செத்துவிடும். பிரிட்டல் ஸ்டாரும் நட்சத்திர மீனும் முட்தோலிகள் என்ற தொகுதியைச் சேர்ந்தவை. அந்தத் தொகுதியில் நன்னீரில் வாழும் இனம் ஒன்றுகூட இல்லை.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். கடைகளில் இதைத் 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்கிறார்கள். என் புகார் அந்தப் பேச்சின்மேல்தான். பிரிட்டல் ஸ்டார் என்பது ஒரே ஒரு விலங்கின் பெயர் அல்ல, 2,000-க்கும் மேற்பட்ட இனங்களின் பொதுப்பெயர். கை சட்டென ஒடிந்துவிடும் என்பதால் வந்த பெயர் அது. ஒடிந்த கை மறுபடி வளர்ந்துவிடும். இவற்றில் பல இனங்கள் நீரில் மிதக்கும் துணுக்குகளையும் அடியில் கிடக்கும் மிச்சத்தையும் தின்று பிழைப்பவை. கைகளில் பட்டை பட்டையாக நிறம் கொண்ட ஓபியோலெபிஸ் சூப்பர்பா மீன்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பச்சை நிறத்து ஓபியாரக்னா இன்கிராசாட்டா அப்படியல்ல. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளப்பாறைகளில் வாழும் இது பெரிய பிராணி. கைகளை ஊன்றி, நடு உடலை மேலே தூக்கிக் கூடாரம்போல நிற்கும். தூங்க இடம் தேடும் சின்ன மீன், 'நல்ல குகை' என்று உள்ளே நுழையும். உடனே கைகள் முறுக்கிக்கொண்டு மூடிவிடும். மேலே ஓட்டை இல்லாத கூண்டு! அடியில் ஐந்து தாடைகள் உள்ள வாய் காத்திருக்கும்.

பிரிஞ்சாங் மலைக் காட்டில் கெண்டிச் செடியைப் பார்த்திருப்பீர்கள், மலாயில் பெரியுக் கெரா என்பார்கள். அதுவும் பூச்சியைத் துரத்துவதில்லை. ஆசை காட்டி, உள்ளே வந்ததும் பிடித்துக்கொள்கிறது. துரத்தாத விலங்கு வேட்டையாடாது என்று நாம் நினைத்துக்கொள்வது ஏன் என்றுதான் தெரியவில்லை.

"வயிறு நிறையத் தீனி போட்டால் சும்மா இருக்குமே" என்று சிலர் வாதிடுவார்கள். தினமும் மாலையில் இடுக்கியால் இறால் துண்டு கொடுத்தால் ஆபத்து குறையலாம், நீங்காது. பிரிட்டல் ஸ்டாருக்கு மூளை என்ற உறுப்பே கிடையாது. எது குப்பை, எது நீங்கள் காசு சேர்த்து வாங்கிய மீன் என்று அது எப்படிப் பிரிக்கும்?

மீனாலும் அதற்கு ஆபத்து உண்டு. டிரிகர், பஃபர் வகை மீன்கள் அதன் கைகளைக் கடித்துக் குதறும். உப்பின் அளவு திடீரென மாறினாலும் தாங்காது. தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்துதான் பழக்க வேண்டும். நம் ஊரில் இரவில் குளிர் 18 டிகிரிக்கும் கீழே போகும், அதற்கோ 25 டிகிரி அளவு வேண்டும். ஆகவே ஹீட்டர் கட்டாயம்.

கடையில் இனத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரியவில்லை, நிறமும் பச்சை என்றால் நான் வாங்கமாட்டேன். விடுமுறைக்குத் தியோமான் போகிறவர்கள் அங்கிருந்து பிடித்து வரலாம் என்று எண்ண வேண்டாம். நம் பகாங் மாநிலத்தின் அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் கடல் பூங்கா. அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது குற்றம்.