நீல விளக்கும் சோப்புத் தண்ணீரும்

ஃபோர்ட் கொச்சி வேலியிலுள்ள தோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துவைத்த துணியை வெயிலில் காயப் போடுகிறார்கள். ஈரம் மட்டுமா போகிறது? கிருமிகளும் மடிகின்றன. வெயிலோடு வரும் புற ஊதாக் கதிருக்கும் அதில் பங்குண்டு. வெயில் பட்ட குழாய்களில் கிருமி வளருவதில்லை என்று டவுன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1877-லேயே கண்டறிந்தார்கள்.

சூரியனின் மிகக் கடுமையான புற ஊதாக் கதிர் பூமிக்கு வந்து சேருவதில்லை; மேலே ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. அந்த வகைக் கதிரைப் பாதரசக் குழலில் உண்டாக்கி, கிருமி கொல்லும் விளக்கு என்று விற்கிறார்கள். மழைக்காலத்தில், வெயில் முகம் காட்டாத வேளையில், ஆசை அதன் மேல் போவது இயல்புதான்.

விளக்கு பொய்யல்ல. 2020-ல் கொரோனா பரவியபோது, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. இவ்வகை விளக்குக் கோபுரம் ஒன்றை உருவாக்கியது. தலா 43 வாட் கொண்ட ஆறு குழல்கள். 12 அடிக்கு 12 அடி அறையைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அதற்கே பத்து நிமிடமென்றால், கையில் பிடித்து இரண்டு வீச்சு வீசும் பாட்டரிக் குச்சி எதைச் சாதிக்கும்? வலுவான குச்சியோ வேறு வினை. சில நொடிகளில் கண்ணையும் தோலையும் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022-ல் எச்சரித்தது.

மட்டாஞ்சேரியில் கூலி வேலை பார்ப்பவருக்கும் குமாஸ்தாவுக்கும் இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் சலூன். எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் ஒட்டிய சீப்புகளைக் குவியலாக நீல விளக்குப் பெட்டிக்குள் போட்டால் பலனில்லை. இந்தக் கதிர் தன் கண்ணில் பட்டதைத்தான் கொல்லும். அழுக்குக்கு அடியிலோ, அடுத்த சீப்பின் நிழலிலோ கிடக்கும் கிருமி சுகமாக இருக்கும். சாதாரணக் கண்ணாடி குறுக்கே வந்தாலும் போதும், கதிர் நின்றுவிடும். மிளகு மண்டியின் தூசு படிந்த மேஜைக்கும் இதே கதிதான். முதலில் சோப்புத் தண்ணீர். துடைத்துக் காய்ந்த பிறகு, தனித்தனியாகப் பரப்பி வைத்தால் விளக்குக்கு வேலை உண்டு.

கண்ணுக்குத் தெரியும் நீலம் கிருமியைக் கொல்வதில்லை. கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. குழல் பழசானால் கதிர் குறைந்துவிடும், நீலம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மாநகராட்சிச் சுகாதார அதிகாரிகள் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், குழலை எப்போது மாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும்.