சிவப்பா? பச்சையா?

கல்லூரிக்குப் போகும் பையன், அப்பா முன் வந்து நிற்கிறான்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு வாங்க வேண்டும்."

"என்ன விலை?"

"ஒரு லட்சம் ஆகும்."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அடுப்படியில் இருந்த அம்மா, கரண்டியும் கையுமாக வெளியே வருகிறார்.

இந்தக் காட்சி இப்போது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஸ்கூட்டர் வாங்கலாம். ஒரு வருடப் படிப்புச் செலவைக் கட்டலாம். விளையாடுவதற்கா இவ்வளவு பணம் என்று பெற்றோர் கேட்பது நியாயமே!

ஆனால், கேட்டதோடு எழுந்து போய்விடக் கூடாது. பையன் கேட்கும் பொருள் என்ன, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு "சரி" என்று சொல்லலாம். "முடியாது" என்றும் சொல்லலாம். தெரியாமல் சொன்னால் இரண்டும் தப்பாகப் போகும்.

அது என்ன கார்டு?

கிராபிக்ஸ் கார்டு என்பது அதன் பெயர். கார்டு என்றதும் தபால் கார்டு போல மெல்லியதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உயர்ந்த ரக கார்டு ஏறக்குறைய ஒரு அடி நீளம் இருக்கும். செங்கல்லைப் போலக் கனமாக இருக்கும். இரண்டு, மூன்று சிறு விசிறிகள் அதில் சுழலும்.

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படத்தை வரைவது அதன் வேலை.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுத்து வைத்த படங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு அப்படி அல்ல. பையன் பொத்தானை அழுத்துகிறான். கார் இடது பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் எதிரே என்ன தெரியும்? அதை அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு வரைய வேண்டும். நொடிக்கு 60 படம். சில ஆட்டங்களில் 100 படத்துக்கு மேல்.

ஒவ்வொரு படமும் புள்ளிகளால் ஆனது. சாதாரண மானிட்டரில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். '4கே' என்று சொல்லும் மானிட்டரில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதாவது நான்கு மடங்கு வேலை!

இந்தக் கணக்கை மறக்காதீர்கள். பின்னால் இது உதவும்.

ஒரே குடும்பம்!

உயர்ந்த ரக கார்டு என்று வந்துவிட்டால், உலகத்தில் போட்டியிடுவது இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள்தான். ஒன்று என்விடியா. அதன் நிறம் பச்சை. மற்றது ஏ.எம்.டி. அதன் நிறம் சிவப்பு.

இளைஞர்கள் இதைக் கட்சி போல ஆக்கிவிட்டார்கள். பச்சைக் கட்சிக்காரன் சிவப்பை ஏசுகிறான். சிவப்புக் கட்சிக்காரன் பச்சையை ஏசுகிறான். தேர்தல் தோற்றது போங்கள்!

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்.

என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங். 1993-ல் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த மூவரில் ஒருவர். ஏ.எம்.டி.யின் தலைவர் லிசா சூ என்ற பெண்மணி. 2014 முதல் அதை நடத்தி வருகிறார். இருவரும் தைவானில் பிறந்தவர்கள். சிறு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர்கள்.

இருவரும் உறவினர்கள்! லிசா சூவின் தாய்வழிப் பாட்டனாரும், ஜென்சன் ஹுவாங்கின் தாயாரும் உடன் பிறந்தவர்கள். நம் ஊர் முறையில் சொன்னால், லிசாவின் தாயாருக்கு ஜென்சன் அத்தை மகன்.

இரண்டு கம்பெனிகளின் தலைமை அலுவலகமும் கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா என்ற ஒரே ஊரில் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் இரண்டு கார்டுகளின் 'சிப்'பும் தைவானில் உள்ள டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே கம்பெனியில் செய்யப்பட்டவைதான்.

அவர்கள் ஒரு குடும்பம். சண்டை போடுவது நம் பிள்ளைகள்!

2022-ல் நடந்த போட்டி

எது வாங்கலாம் என்று தீர்மானிக்க, ஒரு போட்டியைப் பார்ப்போம். முடிந்து போன போட்டி என்பதால், யார் சொன்னது பலித்தது என்று இன்று தெரிகிறது.

2022 நவம்பர் 16-ந் தேதி என்விடியாவின் 'ஆர்.டி.எக்ஸ். 4080' விற்பனைக்கு வந்தது. விலை 1,199 டாலர். நினைவகம் 16 ஜி.பி.

டிசம்பர் 13-ந் தேதி ஏ.எம்.டி.யின் 'ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ்.' வந்தது. விலை 999 டாலர். நினைவகம் 24 ஜி.பி.

அப்போது ஒரு டாலர் சுமார் 82 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இந்தக் கணக்குப்படி பச்சை சுமார் 1 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். சிவப்பு சுமார் 97 ஆயிரம். கடைக்காரர் லாபம் வேறு.

சிவப்பு விலை குறைவு. நினைவகம் அதிகம். அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது.

சாதாரண முறையில் படம் வரையும்போது இரண்டும் ஏறக்குறைய சமம். சில ஆட்டங்களில் சிவப்பு ஒரு படி மேல். ஆனால் 'ரே டிரேசிங்' என்று ஒரு முறை உண்டு. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, சுவரில் பட்டு, தண்ணீரில் பட்டு, கண்ணுக்கு எப்படி வருகிறது என்று கதிர் கதிராகக் கணக்குப் போடும் முறை. மழை பெய்த தெருவில் விளக்கு மின்னுவது அசல் போலவே தெரியும். 'சைபர்பங்க் 2077' போன்ற ஆட்டங்களில் இது உண்டு. இந்த வேலையில் பச்சை தெளிவாக முந்தியது.

இன்னொன்றும் உண்டு. சிறிய படத்தை வரைந்து, அதைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை. வேலை குறையும், வேகம் கூடும். இதில் என்விடியாவின் முறைக்கு டி.எல்.எஸ்.எஸ். என்று பெயர். ஏ.எம்.டி.யின் முறைக்கு எப்.எஸ்.ஆர். என்று பெயர். இதிலும் பச்சை வரைந்த படம்தான் கூடுதல் துல்லியம்.

விளையாட்டைத் தவிர வேறு வேலைக்கும் கார்டு பயன்படும். வீட்டில் ஒரு பெண் 'பிளெண்டர்' வைத்துப் பொம்மைப் படம் செய்யப் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பச்சைதான் சௌகரியம். அத்தகைய வேலைக்கான மென்பொருள்களைப் பலரும் நெடுங்காலமாக என்விடியாவை வைத்தே எழுதி வந்திருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கம்பெனிகள் வைக்கும் பெயரில்தான் மோசம் அதிகம்.

2022 செப்டம்பரில் என்விடியா, 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. ஒன்று 16 ஜி.பி. மற்றது 12 ஜி.பி. நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைப்பீர்கள். இல்லை! உள்ளே இருந்த சிப்பே வேறு, சிறியது. வாங்குகிறவர்கள் கொதித்தார்கள். அக்டோபர் 14-ந் தேதி கம்பெனி அதை வாபஸ் வாங்கியது. 2023 ஜனவரியில் அதே சரக்கு '4070 டி.ஐ.' என்ற பெயரில் வந்தது. 899 டாலர் என்று சொன்ன விலை 799 ஆகக் குறைந்தது. பெயர் மாறியதும் 100 டாலர் இறங்கிவிட்டது!

ஏ.எம்.டி.யும் சளைத்தது அல்ல. 7900 எக்ஸ்.டி. என்று ஒன்று, 7900 எக்ஸ்.டி.எக்ஸ். என்று ஒன்று. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அவசரத்தில் பில் போட்டால் 4 ஜி.பி. போய்விடும்.

கோளாறும் இரு பக்கமும் உண்டு. என்விடியாவின் பெரிய கார்டான 4090-ல் மின்சார பிளக் உருகியதாக 2022 அக்டோபரில் புகார் கிளம்பியது. உலகம் முழுவதும் சுமார் 50 புகார் வந்ததாகவும், பிளக்கை முழுவதும் அழுத்திச் சொருகாததே காரணம் என்றும் கம்பெனி நவம்பரில் சொன்னது. ஏ.எம்.டி.யின் 7900 எக்ஸ்.டி.எக்ஸ். சில, 110 டிகிரி வரை கொதித்தன. சூட்டை வாங்கும் உலோக அறைக்குள் போதிய தண்ணீர் இல்லை! 2023 ஜனவரியில் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு, பழுதானவற்றை மாற்றிக் கொடுத்தது.

பிறகு என்ன நடந்தது?

1,199 டாலர் கொடுத்துப் பச்சையை வாங்கியவர்கள், 2024 ஜனவரியில் வயிற்றெரிச்சல் பட்டார்கள். சற்று வேகம் கூடிய '4080 சூப்பர்' 999 டாலருக்கே வந்துவிட்டது.

சிவப்பை வாங்கியவர்களுக்கு 2025 மார்ச்சில் வயிற்றெரிச்சல். ஏ.எம்.டி. மிக நன்றாகத் திருத்திய 'எப்.எஸ்.ஆர். 4' வந்தது. ஆனால் அது புதிய 9000 வரிசைக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. என்விடியாவோ அதே ஆண்டு ஜனவரியில், தன் திருத்திய டி.எல்.எஸ்.எஸ். முறையைப் பழைய 4080-க்கும் கொடுத்திருந்தது.

ஆகவே, 200 டாலர் அதிகம் கொடுத்தவன் முட்டாளும் அல்ல. மிச்சப்படுத்தியவன் கெட்டிக்காரனும் அல்ல.

2025-ல் போட்டி ஒரு படி கீழே இறங்கியது. பச்சையில் 'ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ.' 749 டாலர். சிவப்பில் 'ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி.' 599 டாலர். இரண்டிலும் 16 ஜி.பி. இரண்டும் குடிக்கும் மின்சாரம் சுமார் 300 வாட். ஆனால் அறிவித்த விலைக்குப் பல வாரங்கள் கடைகளில் சரக்குக் கிடைக்கவில்லை. உச்சியில் போட்டி போட ஏ.எம்.டி. அந்த முறை வரவே இல்லை. அங்கே 1,999 டாலருக்கு 'ஆர்.டி.எக்ஸ். 5090' தனியாக நின்றது. எதிர்க்கடை இல்லாத இடத்தில் யாரிடம் பேரம் பேசுவது? பச்சை ரசிகர்கள்கூட சிவப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள இதுவே காரணம் போதும்.

வீட்டுக்கு வருவோம்

பையன் கையில் ஒரு காகிதம் கொடுங்கள். அவனே எழுதட்டும்.

நம் வீட்டு மானிட்டரில் எத்தனை புள்ளி? நொடிக்கு எத்தனை படம் காட்டும்? 21 லட்சம் புள்ளி, 60 படம் என்று எழுதினால், இந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். அந்த மானிட்டருக்கு லட்ச ரூபாய் கார்டு வாங்குவது, குடிசையில் குத்துவிளக்குக்குப் பதில் கலங்கரை விளக்கம் வைப்பது போல! கார்டு 150 படம் வரைந்தாலும் மானிட்டர் காட்டப்போவது 60 படம்தான். பாதி விலையில், அதற்கும் கீழே, போதுமான கார்டுகள் இரு நிறத்திலும் இருக்கின்றன.

எந்த ஆட்டம் ஆடுகிறான்? பந்தயத்துக்கு ஆடும் 'வாலரண்ட்', 'கவுன்ட்டர்-ஸ்டிரைக்' என்றால் இவ்வளவு பெரிய கார்டு தேவையே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? 4080-க்கு 750 வாட் வேண்டும் என்றது என்விடியா. 7900 எக்ஸ்.டி.எக்ஸ்.க்கு 800 வாட் என்றது ஏ.எம்.டி. வீட்டில் 450 வாட் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கேபினட்டையும் டேப் வைத்து அளக்க வேண்டும். கம்பெனியே செய்த 4080-ன் நீளம் 304 மில்லி மீட்டர். வாங்கி வந்த பிறகு கதவு மூடவில்லை என்று அழுது பயன் இல்லை.

மின்சாரம்? சிவப்புக்கும் பச்சைக்கும் 35 வாட்தான் வித்தியாசம். அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் மொத்தக் கம்ப்யூட்டரும் 500 வாட் இழுத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு 2 யூனிட். இரண்டு மாதத்தில் 120 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டணம் நம்முடையது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு இந்த வரியை இரண்டு தடவை படிக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, வீட்டில் 4கே மானிட்டர் இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது என்றால், வாங்குங்கள். விளையாட்டு மட்டும், ஒளி வித்தை பெரிதல்ல என்றால் சிவப்பு. ஒளி வித்தை வேண்டும், அல்லது அதே கம்ப்யூட்டரில் பொம்மைப் பட வேலையும் நடக்கும் என்றால் பச்சை. வட்டிக்குத் தவணை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம். தவணை முடிவதற்குள் புதிய கார்டு வந்துவிடும். முதலில் நல்ல மானிட்டர் வாங்கிக் கொடுங்கள். அது பல ஆண்டு உழைக்கும். பையன் கொஞ்சம் முகத்தைத் தூக்குவான். புது மானிட்டரைத் திறந்ததும் சரியாகிவிடுவான்.

கடைக்குப் போனால் பெட்டியில் உள்ள எண்ணையும் எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக்கு அது வேண்டும். வீட்டில் மாட்டும்போது பிளக்கைக் கடைசி வரை அழுத்துங்கள். டார்ச் அடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.