பெயர் மட்டும் போதுமா?

சீவலப்பேரி என்றதும் நம்மில் பலருக்கு 1994இல் வந்த திரைப்படமே முதலில் நினைவுக்கு வருகிறது. இலக்கிய வாசகனுக்கு இன்னொரு நினைவும் வரவேண்டும். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் அப்பகுதிதான் முக்கூடற்பள்ளின் களம். சித்திரக்காலி, மணல்வாரி என்று நெல்வகைகளை அந்நூல் பெயர் சொல்லி அடுக்கும் அழகை நாம் வியந்து பேசுகிறோம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மிளகாய்ச் செடியின் பெயரை அறிவோமா? கடையில் வாங்கிய விதை என்பதற்கு மேல் நம்மிடம் விடை இல்லை.

உடனே நாட்டு விதைக்குத் திரும்புவோம் என்று சிலர் முழங்கக்கூடும். அம்முழக்கத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. மிளகாய் இந்நாட்டில் தோன்றிய பயிரே அன்று. மெக்சிகோப் பகுதியில் பயிராகிவந்த அது, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கென்று புதுச்சொல்கூட நாம் தேடவில்லை; மிளகைப்போல் உறைக்கும் காய், மிளகாய் ஆயிற்று. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே.1 இரகமும் அசாம் வகையொன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயின் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள்தாம். அதை அம்மண்ணின் விதையாக ஆக்கியவை, ஆண்டுதோறும் நல்ல பழம் பார்த்து எடுத்துவைத்த கைகள். அக்கைகள் ஓய்ந்துவிட்டால் குறியீடு எதைக் காக்கும்?

கடைப் பொட்டலங்களில் பல, வீரிய ஒட்டு இரகங்கள். விளைச்சலை நம்பிப் பிழைக்கும் உழவர் அவற்றை நாடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அச்செடியின் பழத்திலிருந்து விதையெடுத்து ஊன்றினால் தாயின் குணம் அப்படியே வருவதில்லை. ஒட்டுச் சேர்த்த இரண்டு பெற்றோரின் இயல்புகளும் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். ஒரு செடி குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும், ஒன்றின் காய் உறைப்பாகவும் இன்னொன்றின் காய் சப்பென்றும் போகலாம். ஆகவே ஆண்டுதோறும் கடைக்கே போகவேண்டும். வீட்டில் பத்துச் செடி வளர்ப்பவருக்கு இந்தக் கட்டாயம் எதற்கு?

செய்யவேண்டியது பெரிய வித்தை அன்று. ஒட்டு அல்லாத இரகம் ஒன்றைத் தேடிப் பெறுங்கள். நோயற்ற செடியில் இரண்டாம், மூன்றாம் பறிப்புக் காய்கள் சிலவற்றைச் செடியிலேயே நன்கு சிவக்க விடுங்கள். பழத்தை உலர்த்தி விதையைப் பிரித்து, ஈரம் புகாத புட்டியில் இட்டு, இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். நாட்பட நாட்பட முளைப்புத்திறன் குன்றுமாதலால் அடுத்த ஆண்டே விதைத்துவிடுவது நல்லது. அரை அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்றினால் ஏழு முதல் பத்து நாளில் முளைவிடும். தண்ணீர் மிகுந்தால் நாற்று அழுகும். சுமார் 40 நாளில் எடுத்து நடலாம். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும்; எனினும் தேனீக்கள் அயல் மகரந்தத்தையும் கொண்டுவரும். அருகில் வேறு இரகம் இருந்தால், மொட்டாக இருக்கும்போதே ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடி, அதில் காய்த்ததை மட்டும் விதைக்கு வையுங்கள்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் உழவருக்கு உரிமை தருகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. எடுத்துவைக்கும் பழக்கந்தான் வீடுகளில் அருகிவருகிறது.

பெயர்கள் ஏட்டில் நெடுநாள் வாழும். முக்கூடற்பள்ளின் நெற்பெயர்கள் அவ்வாறு வாழ்கின்றன. விதைக்கு அந்த வசதி இல்லை. சில ஆண்டுகள் ஊன்றாமல் விட்டால் புட்டிக்குள்ளேயே செத்துப்போகும். பிறகு எந்தப் பதிப்பாசிரியராலும் அதை மீட்டெடுக்க முடியாது. அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது, கைமாறும் புத்தகங்களோடு ஒரு பொட்டலம் மிளகாய் விதையும் இருக்கட்டும். மேலே பெயர் எழுத மறக்கவேண்டாம்.