வேட்டி கட்டினால் மறுபடைப்பு ஆகிவிடுமா?

சூப்பர் ஹீரோக்களைப் பற்றிய விவாதம் நம்மிடையே எழும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முன்வைக்கப்படுகிறது: காமிக்ஸில் இருந்த பாத்திரத்தை அனிமேஷன் படம் காப்பாற்றியதா, சிதைத்ததா? இக்கேள்வியே பிழையானது என்பது என் துணிபு. மூலத்திலிருந்து வழுவாமை என்பது நம் கதைமரபின் அளவுகோலாக ஒருபோதும் இருந்ததில்லை. கேட்க வேண்டியது வேறு. கதையை மாற்றிச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? அவ்வுரிமை கையில் இல்லாதவர் செய்யும் மறுபடைப்பு எதுவரை செல்ல முடியும்?

இதற்கு விடை தேட அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் பெங்களூரே போதும். 2004-இல், இங்கு இயங்கிய கோதம் காமிக்ஸ், மார்வெல் நிறுவனத்தின் உரிமம் பெற்று 'ஸ்பைடர் மேன்: இந்தியா' என்னும் சித்திரக்கதையை உருவாக்கியது. ஜீவன் காங், சுரேஷ் சீதாராமன், சரத் தேவராஜன் ஆகிய மூவர் இதன் படைப்பாளிகள். நான்கே இதழ்கள். அவற்றில் பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர் ஆனான். மேரி ஜேன், மீரா ஜெயின் ஆனாள். பென் மாமா பீம் மாமா ஆனார். மே அத்தை மாயா அத்தை ஆனாள். நார்மன் ஆஸ்போர்ன் நளின் ஓபராய் ஆனான். முதலெழுத்துகள்கூட இடம் பெயரவில்லை. நியூயார்க் மும்பையாயிற்று, சிலந்திச் சட்டைக்குக் கீழே வேட்டி வந்தது. இது மறுபடைப்பு என்றே விளம்பரப்படுத்தப்பட்டது.

ஆனால் மாறியது எது, மாறாதது எது என்று பிரித்துப் பாருங்கள். மாமனின் சாவு, அதனால் வரும் குற்றவுணர்வு, பெரும் செல்வனாகிய பகைவன் என நிகழ்ச்சிகளின் வரிசை அப்படியே இருந்தது. மாறியவற்றுள் முதன்மையானது ஆற்றலின் ஊற்றுக்கண். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பீட்டர் ஓர் அறிவியல் மாணவன். அறிவியல் கண்காட்சியில் கதிர்வீச்சுக்கு ஆளான சிலந்தி அவனைக் கடிக்கிறது. வலை நூலை அவனே தன் அறிவால் உருவாக்கிக்கொள்கிறான். இந்தியச் சிறுவனுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவனுக்கு ஒரு யோகி வந்து வரம் தருகிறார். 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இருக்கும் நகரத்தில், விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் நகரத்தில், இந்தியனுக்கு அறிவியல் பொருந்தாது, மந்திரமே பொருந்தும் என்று ஒரு கதை எழுதப்பட்டது. வெளியிலிருந்து நம்மைப் பார்ப்பவர் எதிர்பார்க்கும் வண்ணத்தை நாமே பூசிக்கொண்டோம். எலும்புக்கூடு அவர்களுடையது, நம்முடையது வண்ணம் மட்டும்.

உரிமம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. 1970-இல் ஜப்பானிய ஓவியர் ரியோய்ச்சி இகெகாமி வரைந்த ஸ்பைடர் மேன் மாங்கா, தொடக்கத்தில் அமெரிக்கக் கதையை ஒட்டிச் சென்றாலும், பின்னர் ஜப்பானிய இளைஞன் ஒருவனின் மனஇருளுக்குள் இறங்கியது. 1978-இல் அந்நாட்டின் தோயி நிறுவனம், தான் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் ஸ்பைடர் மேனுக்கு மாபெரும் எந்திர மனிதன் ஒன்றையே துணையாகக் கொடுத்தது. மார்வெலும் தோயியும் ஒருவர் பாத்திரத்தை மற்றவர் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என உடன்பட்டிருந்ததே அதற்கு வழிவிட்டது. உரிமை எவ்வளவு அகலமோ, மறுபடைப்பும் அவ்வளவே அகலம்.

இனி 2023-க்கு வருவோம். 'ஸ்பைடர் மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' என்னும் அனிமேஷன் படம் தமிழ், கன்னடம் உள்ளிட்ட பத்து மொழிகளில் இந்தியத் திரைகளுக்கு வந்தது. அதில் பவித்ர் புதிதாகப் பிறக்கிறான். துயரம் அறியாத துள்ளல்காரன்; தலைமுடியைப் பற்றிப் பெருமை பேசுபவன்; 'சாய் டீ' என்று சொல்பவனைக் கடிந்துகொள்பவன்; ஆங்கிலேயர் கொள்ளையடித்ததைப் போகிற போக்கில் குத்திக்காட்டுபவன். மீரா ஜெயினுக்குப் பதில் காயத்ரி சிங் வருகிறாள். காமிக்ஸைவிடப் படமே உயிரோட்டமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மூலத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று புலம்பியோர் கவனிக்கத் தவறியது படத்தின் மையத்தை. ஒவ்வோர் உலகத்து ஸ்பைடர் மேனுக்கும் சில இழப்புகள் விதிக்கப்பட்டுள்ளன, அவற்றைத் தடுத்தால் அந்த உலகமே அழியும் என்கிறான் மிகெல் ஓஹாரா. காயத்ரியின் தந்தையாகிய காவல் அதிகாரி சிங் சாக வேண்டும் என்பது விதி. மைல்ஸ் மொராலிஸ் அவரைக் காப்பாற்றுகிறான். எழுதி வைத்த கதையின் சங்கிலி மும்பாட்டன் என்னும் இந்திய நகரத்தில் அறுகிறது.

விதிக்கப்பட்ட கதையை மீறலாம் என்று திரையில் பறைசாற்றும் இதே தொழில், திரைக்கு வெளியே அம்மீறலை அனுமதிக்கிறதா? பவித்ரை முதலில் வரைந்தவர்கள் நாளை அவனுக்கு வேறொரு கதை எழுத விரும்பினால் எழுத இயலாது. அவன் அவர்களுடையவன் அல்லன். படம் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூவரின் பெயர் தெரியும்?

நம் மரபு இதற்கு நேர்மாறானது. வில்லை ஒடிப்பதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் கண்டு காதல் கொண்டதாகக் கம்பன் பாடினான். அது வான்மீகியில் இல்லை. கன்னடத்தில் குவெம்பு தம் 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' காவியத்தில் சீதையோடு இராமனையும் தீயில் இறங்கச் செய்தார். சோதனை யாருக்கு என்ற கேள்வியையே அவர் மாற்றினார். இருவரும் யாரிடமும் உரிமம் பெறவில்லை. மறுபடைப்பு என்பது இது. பெங்களூர்க் கலைஞர்களுக்கு அந்த ஆற்றல் இல்லாமற் போகவில்லை. ஸ்பைடர் மேன் வந்து இரண்டே ஆண்டுகளில், தேவராஜனும் சீதாராமனும் பங்கேற்றுத் தொடங்கிய வெர்ஜின் காமிக்ஸ் வெளியிட்ட 'ராமாயண் 3392 ஏ.டி.' அதற்குச் சான்று. ஷாமிக் தாஸ்குப்தாவின் எழுத்தும் அபிஷேக் சிங்கின் ஓவியமும் இராமனைப் பேரழிவுக்குப் பிந்தைய ஓர் உலகத்தில் நிறுத்தின. அதன் நிறைகுறைகளை விவாதிக்கலாம். ஆனால் அங்கே வண்ணம் மட்டும் மாறவில்லை, உலகமே மாறியது. இராமனுக்கு உடைமையாளர் எவரும் இல்லை என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

இத்தனை கோடி முதலீடு செய்தவன் தன் பாத்திரத்தைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். முதலீட்டுக்கு ஊதியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காக்கப்படுவது யாருடைய உழைப்பு? தமிழில் லயன் காமிக்ஸ் வழியே நாம் கொண்டாடிய 'ஸ்பைடர்' நினைவிருக்கும். மார்வெலின் சிலந்தி அல்லன். குற்றவாளியாகத் தொடங்கி நீதிக் காவலனாக மாறிய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றவரும் அவரே. பெயருக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் அவ்விருவரும் 1975 வரை போராட வேண்டியிருந்தது. அவர்கள் விற்ற சூப்பர்மேனோ அமெரிக்கச் சட்டப்படி 2034-இல்தான் பொதுவுடைமை ஆவான். ஸ்பைடர் மேன் 2057 முடியும்வரை ஆகமாட்டான்.

இது பழங்கதையன்று. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் வேலை இழந்தனர். பிறர் நாயகர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உயிரூட்டிய கைகள் அவை. வேலை போனபோது, இது என்னுடையது என்று எடுத்துச் செல்ல அக்கைகளில் ஒரு பாத்திரமும் இல்லை.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி தன் பெயரைக் கோரலாம் என்கிறது. 2012-இல் வந்த திருத்தமோ, திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்புகளின் ஆசிரியர்கள் தம் உரிமத்தொகையை விட்டுக்கொடுக்கவே முடியாதபடி பாதுகாத்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைத்த அப்பாதுகாப்பு, பாத்திரத்தை வரைந்த ஓவியருக்கு இல்லை. அது ஓவியருக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். அனிமேஷன் துறைக்கெனத் தனிக் கொள்கை வகுத்துள்ள கர்நாடக அரசு, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணுவதோடு, இங்கே பிறந்த பாத்திரங்களில் எத்தனை இங்குள்ள படைப்பாளிகளிடம் தங்கின என்றும் எண்ண வேண்டும்.

அடுத்த முறை ஓர் இந்தியச் சூப்பர் ஹீரோ திரைக்கு வரும்போது, அவன் வேட்டி கட்டியிருக்கிறானா, நம் மொழி பேசுகிறானா என்று பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அவனை வரைந்தவருக்கு அவன் கதையின் முடிவை மாற்றும் உரிமை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவன் நமக்கு வாடகைக்கு விடப்பட்டவன்.